50% வரி: துறைமுகத்தில் கட்டுவது ஒருவர், கடைசியில் சுமப்பது யார்?

நொய்யல்கரை (திருப்பூர்)
13 செப்டம்பர் 2025, இரவு 9.40

இன்று சம்பளச் சனிக்கிழமை. போன மாதம் வரைக்கும் எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. காலை எட்டரைக்கு வந்தால் இரவு எட்டரைக்குத்தான் கிளம்புவார்கள். இந்த வாரம் முழுக்க ஒரே ஷிப்ட், அதிலும் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் லைனில் துணி இல்லை. சம்பளக் கவரை வாங்கிய பவர்டேபிள் (தையல் மெஷின்) அக்கா ஒருவர் பணத்தை எண்ணினார், மறுபடியும் ஒருமுறை எண்ணினார், முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் அமெரிக்கப் பையரோடு மெயிலில் மல்லுக்கட்டுவதுதான் வேலை. அமெரிக்கா நம் சரக்குக்கு 50% வரி போட்டதிலிருந்து டீக்கடையில் எல்லோரும் "இந்தியா இனி 50% வரி கட்டணுமாம்" என்கிறார்கள். டிவியிலும் அப்படியே சொல்கிறார்கள். உண்மையில் அந்த வரியை அமெரிக்காவில் சரக்கை இறக்குகிற கம்பெனிதான் அவர்கள் நாட்டு சுங்கத்துறைக்குக் கட்டுகிறது. நாங்கள் ஒரு பைசா கட்டுவதில்லை. அப்படியிருந்தும் எங்கள் லைன் ஏன் நின்றது?

வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரல் 2 அன்று டிரம்ப் எல்லா நாடுகளுக்கும் வரிப் பட்டியல் வாசித்தார். எல்லோருக்கும் பொதுவாக 10%, அதற்கு மேல் நாட்டுக்கு நாடு வேறு. நமக்கு 26% என்றார், பிறகு 90 நாள் தள்ளிவைத்தார். ஆகஸ்ட் 7 முதல் 25% வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25%. அன்றைக்குத்தான் விநாயகர் சதுர்த்தி. ஊரெல்லாம் பிள்ளையார் வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் ஆபீஸில் உட்கார்ந்து எந்த ஆர்டர் நிற்கும், எந்த ஆர்டர் போகும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம்.

என் கணக்கு இது. சாதாரண காட்டன் டி-சர்ட், எஃப்ஓபி விலை (இங்கே கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் வரைக்குமான விலை) 4 டாலர். அதற்கு எப்போதுமே 16.5% வரி உண்டு. அதன் மேல் 50% சேர்ந்தால் 66.5%, அதாவது 2 டாலர் 66 சென்ட். வியட்நாமுக்குக் கூடுதல் வரி 20%தான். அங்கிருந்து அதே சட்டை வந்தால் மொத்தம் 36.5%, அதாவது 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட். நன்றாக ஓடும் சீசனிலேயே எங்களுக்கு நிற்பது நூற்றுக்கு ஐந்தோ ஏழோ. 4 டாலர் சட்டையில் 20 முதல் 28 சென்ட். அதை மொத்தமாக விட்டுக்கொடுத்தாலும் 1.20க்கு எங்கே போவது?

---

துறைமுகம்72 (தூத்துக்குடி)
13 செப்டம்பர், இரவு 10.25

தம்பி, முப்பது வருஷம் சுங்க ஏஜென்ட் ஆபீஸில் பில் போட்டவன் சொல்கிறேன். வரியைக் கட்டுவது இறக்குமதியாளர் என்று நீ சொன்னது சரி. 1.20 கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது.

வரி சரக்கின் விலை மேல் விழும் சதவீதம். நீ விலையைக் குறைத்தால் வரியும் கூடவே குறையும். வியட்நாம் சட்டை அங்கே இறங்கும்போது 4 பெருக்கல் 1.365, அதாவது 5 டாலர் 46 சென்ட். உன் சட்டையும் அதே 5.46க்கு இறங்க வேண்டும் என்றால் 5.46ஐ 1.665ஆல் வகுக்க வேண்டும். 3 டாலர் 28 சென்ட் வரும். ஆக நீ விட்டுக்கொடுக்க வேண்டியது 72 சென்ட், நூற்றுக்கு 18. 30% விட்டால்தான் ஆர்டர் நிற்கும் என்று யாராவது உன் முதலாளியை மிரட்டினால் இந்தக் கணக்கைக் காட்டு.

அப்புறம் ஒன்று. அமெரிக்காவில் எஃப்ஓபி விலை மேல்தான் வரி. நம் நாட்டில் கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து அதன் மேல் வரி போடுவார்கள். இரண்டு ஊரிலும் கடையில் தொங்கும் விலைக்கு வரி கிடையாது. உன் 4 டாலர் சட்டை அங்கே கடையில் 20 டாலருக்கு விற்றால், வரி அந்த 4க்குத்தான். 50% வரி என்றதும் கடை விலை அப்படியே ஒன்றரை மடங்காகும் என்று நினைப்பது தப்பு.

---

நொய்யல்கரை
13 செப்டம்பர், இரவு 10.41

அண்ணாச்சி, நன்றிங்க. திருத்திக்கொண்டேன். ஆனால் 18% என்பதும் எங்களுக்கு எட்டாத உயரம்தான். நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுத்தது போக மிச்சம் இருப்பது கூலியும் கரண்டும் வட்டியும்தான். அதில் எதை வெட்டுவது?

---

எடிசன் செல்வி (நியூஜெர்சி)
14 செப்டம்பர், காலை 6.15

மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கே விலை ஒரே நாளில் ஏறவில்லை, பொருள் பொருளாக ஏறுகிறது. நேற்று இந்தியக் கடையில் அப்பளக் கட்டை எடுத்தேன். விலைச் சீட்டு தடிமனாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் பழைய சீட்டு, அதற்கும் அடியில் இன்னொன்று. கடைக்காரரிடம் கேட்டேன். "பழைய ஸ்டாக் இருக்கும்வரை பழைய விலை, புது கன்டெய்னர் வந்தால் புது விலை, அம்மா" என்றார். பொன்னி அரிசியை இன்னும் ஏற்றவில்லை. தீபாவளிக்கு மேல் தாங்காது என்றார்.

காபிதான் எனக்குப் பெரிய வேதனை. ஹவாயையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் விட்டால் அமெரிக்காவில் காபி பெரிதாக விளைவதில்லை. ஆகஸ்ட்டில் பிரேசிலுக்கும் 50% போட்டார்கள். ஆகஸ்ட் மாத விலைக் குறியீட்டில் காபி ஒரு வருடத்தில் 20%க்கு மேல் ஏறியிருக்கிறது. பிரேசிலில் மழை பொய்த்ததும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் இங்கே விளையாத பொருளுக்கு வரி போட்டு எந்த உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றுகிறார்கள்? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இன்னொன்று. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகையை ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் கடைசியிலேயே அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்திவிட்டது. அம்மா என் பெண்ணுக்குத் தைத்த பாவாடை கும்பகோணத்தில் பீரோவுக்குள் இருக்கிறது. இந்த தீபாவளிக்கு வராது.

---

கயல் (சென்னை)
14 செப்டம்பர், காலை 11.02

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். இந்த விஷயத்தில் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு வாஷிங் மெஷின் கதை.

2018 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டது. முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20%, அதற்கு மேல் வந்தால் 50%. துணி உலர்த்தும் டிரையருக்கு வரி கிடையாது. என்ன நடந்தது என்று மூன்று ஆய்வாளர்கள் விலைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வாஷர் சுமார் 86 டாலர் ஏறியிருந்தது. வரியே போடாத டிரையர் சுமார் 92 டாலர் ஏறியிருந்தது. மக்கள் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரியும், அதனால் ஏற்றத்தை இரண்டின் மேலும் பிரித்து வைத்தார்கள். அமெரிக்காவிலேயே செய்த மெஷினும் ஏறியது. போட்டிக்காரன் விலை ஏற்றும்போது உள்ளூர்க்காரன் மட்டும் ஏன் பழைய விலைக்கு விற்பான்?

அதில் வேலையும் வந்தது. சுமார் 1,800 பேருக்கு. ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்த விலை சுமார் 8,15,000 டாலர்.

அது ஒரே ஒரு பொருள். வாங்குபவர் பொறுத்துக்கொண்டு பழைய மெஷினையே இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். இப்போது போட்டிருப்பது ஊர் உலகத்துக்கெல்லாம், கிட்டத்தட்ட எல்லாப் பொருளுக்கும். ஒரு கடை விலை ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம், தெரு முழுக்க ஏறினால் எங்கே போவது? அமெரிக்காவில் விற்கும் உடைகளில் நூற்றுக்கு 95க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. உள்ளூர்ச் சட்டைக்கு மாறலாம் என்றால் உள்ளூர்ச் சட்டையே இல்லை.

ஆனால் நொய்யல்கரை கேட்டதற்கு வேறு பதில். லைனை நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் 50 என்ற எண் இல்லை. நமக்கு 50, வியட்நாமுக்கும் பங்களாதேஷுக்கும் 20, கம்போடியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் 19 என்ற இடைவெளிதான். எல்லோருக்கும் ஒரே 50 என்றால் சுமையில் பெரும் பங்கு அமெரிக்க நுகர்வோர் தலையில் விழுந்திருக்கும், உங்களுக்கு ஆர்டர் சுருங்கியிருக்கும். இடைவெளி வரும்போது பையருக்கு வேறு வழி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. யாருக்கு நகர இடமில்லையோ அவர் மேல்தான் சுமை வந்து இறங்கும்.

---

கரிசல்காட்டான் (விளாத்திகுளம் பக்கம்)
14 செப்டம்பர், மாலை 4.30

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் பருத்தி போடுகிற சம்சாரி. வரி என்றாலே பாவம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

திருப்பூருக்கு ஆறுதல் என்று ஆகஸ்ட் 19ஆம் தேதி மத்திய அரசு இறக்குமதிப் பஞ்சுக்கு இருந்த 11% வரியை எடுத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வடக்கே பருத்தி அக்டோபரில் சந்தைக்கு வரும். அந்த மூன்று மாதத்துக்குத்தான் வெளிநாட்டுப் பஞ்சுக்குக் கதவு திறந்திருக்கிறது. இந்த வருடம் நடுத்தர இழைப் பருத்திக்கு ஆதார விலை குவிண்டால் 7,710 ரூபாய். காகிதத்தில் இருக்கிற அந்த விலை எங்கள் களத்து மேட்டுக்கு வருவதில்லை. வியாபாரி ஈரம் என்பான், கழிவு என்பான், கையில் வருவதை வாங்கிக்கொண்டு வருவோம். அதே வியாபாரி இனி "வெளிநாட்டுப் பஞ்சு சல்லிசாக வருது" என்றும் சொல்வான். அமெரிக்கா திருப்பூரை அடித்தது, அந்த அடியைத் திருப்பூர் என்னிடம் தள்ளிவிட்டது. இதையும் கணக்கில் எழுதுங்கள் தம்பி.

எண்ணெயைப் பாருங்கள். போன வருடம் செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை வரியை 20% ஆக்கினார்கள். கடலைக்காரனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எண்ணெய் விலை ஏறியது என்று நகரத்தில் சத்தம் கிளம்பியதும் இந்த மே மாதக் கடைசியில் அதை 10% ஆக்கிவிட்டார்கள். நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் தடுப்பே வேண்டாம் என்றால் கடலை போடுகிறவன் எதை நம்பிப் போடுவான்? அமெரிக்காவிலும் ஃபாக்டரி மூடிய ஊர்க்காரனுக்கு இதே கோபம் இருக்கும். அவனை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

நொய்யல்கரை
14 செப்டம்பர், இரவு 8.05

அண்ணா, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. 11% எடுத்த அன்றைக்கு எங்கள் ஆபீஸில் கைதட்டினோம். 2021 பட்ஜெட்டில் அந்த வரி வந்ததிலிருந்து நூல் விலையோடு நாங்கள் பட்ட பாடு அப்படி. தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறு பங்குதான் இங்கே விளைகிறது. மிச்சத்துக்கு வடக்கேயோ வெளிநாட்டுக்கோதான் போக வேண்டும். வங்கதேசத்துக்காரர் வரியில்லாமல் பஞ்சு வாங்கி எங்களோடு போட்டி போடுகிறார். கைதட்டியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

---

கயல்
14 செப்டம்பர், இரவு 9.12

கரிசல்காட்டான் அண்ணா, வரி என்றாலே தவறு என்று நானும் சொல்லவில்லை. அறுவடை நேரத்தில் ஒரு பயிருக்குத் தடுப்பு வைப்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் வைப்பது வேறு. உங்கள் பஞ்சுக்கு வரி வைத்தால் யாருக்குக் கிடைக்கிறது, யார் கொடுக்கிறார் என்றாவது தெரியும், உட்கார்ந்து பேசலாம். எல்லாவற்றுக்கும் போட்டால் காப்பாற்ற நினைத்த ஆளே இன்னொரு வாசலில் அடி வாங்குகிறார். அமெரிக்காவில் ஸ்டீலுக்கு 2018இல் 25% போட்டார்கள், இந்த ஜூன் மாதம் 50% ஆக்கினார்கள். ஸ்டீல் உருக்குகிறவர்களைவிட ஸ்டீலை வாங்கி டிராக்டரும் டப்பாவும் செய்கிறவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களுக்கு அது வெறும் செலவு.

அவர்கள் நாட்டு விவசாயிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018இல் சீனா பதிலுக்கு அமெரிக்க சோயாவுக்கு 25% போட்டது. பிரேசில்காரர் அந்தச் சந்தைக்குள் நுழைந்தார். அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு இழப்பீடாக இரண்டு வருடத்தில் சுமார் 2,800 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. போன சந்தை முழுசாகத் திரும்பவில்லை. இந்த வருடம் அறுவடை தொடங்கிவிட்டது, சீனா இன்னும் புது சோயாவுக்கு ஆர்டரே கொடுக்கவில்லை.

---

வன்னி மண் (கிளிநொச்சி)
15 செப்டம்பர், காலை 7.50

எங்களுக்கு ஏப்ரலில் 44% எண்டு அறிவித்தார்கள். அந்தக் கிழமை இங்கே ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கேலாமல் இருந்தது. என்ர தங்கச்சியும் அதிலே ஒருத்தி. இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 வீதம் அமெரிக்காவுக்குத்தான் போகிறது. பிறகு 30 ஆக்கி, கடைசியில் 20 இல் வந்து நிற்கிறது.

இப்ப இந்தியாவுக்கு 50 எண்டதும் இங்கே சிலர், இனி ஓடர் எங்களுக்கு வரும் எண்டு கதைக்கிறார்கள். வரலாம். தங்கச்சிக்கு ஓவர்டைம் கிடைத்தால் வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் அந்த முந்தானையில் முடிஞ்ச காசைப் பற்றி வாசித்தபிறகு அதை நினைத்துச் சந்தோசப்பட மனம் வரவில்லை. நாளைக்கு ஒரு கையெழுத்தில் எங்களுக்கு 50, உங்களுக்கு 20 எண்டு மாறினால் இதே கதைதான் மறுபக்கம்.

நுகர்வோர் பக்கம் பற்றி ஒரு விசயம். 2020 மார்ச்சில் எங்கள் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டியது. தனியார் வாகனத்துக்கு இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தது, அதுவும் பெரிய வரியோடு. இடையில் ஐந்து வருடம் பழைய வாகனம் நகை மாதிரி ஆகிவிட்டது. பத்து வருடம் ஓடின காரை வாங்கின விலையைவிடக் கூட விலைக்கு வித்தவர்களை எனக்குத் தெரியும். டொலர் இல்லாத நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை எண்டது உண்மை. ஆனால் மோட்டார் சைக்கிள் ஒண்டு இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகவேண்டிய சனம் பட்ட பாடு பெரிது.

---

பழங்கணக்கு (மதுரை)
15 செப்டம்பர், மதியம் 1.20

"தற்காலிகம்தான், பேசி முடித்ததும் எடுத்துவிடுவார்கள்" என்று நம்புகிறவர்களுக்காக. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவுக்கு மலிவாகப் போனது. அவர்கள் கோழிக்கு வரி ஏற்றினார்கள். பதிலடியாக அமெரிக்கா சில பொருள்களுக்கு வரி போட்டது, அதில் ஒன்று சிறிய டிரக்குகளுக்கு 25%. ஆண்டு 1964. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். டிரக் வரி இன்றுவரை இருக்கிறது.

1930 ஜூனில் அமெரிக்காவில் வந்த, இறக்குமதி வரிகளை ஏற்றிய ஸ்மூட்-ஹாலி சட்டத்தையும் மறக்கக் கூடாது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் ஜனாதிபதி ஹூவருக்கு மனு எழுதினார்கள். அவர் போட்டார். கனடா திருப்பி அடித்தது. அந்தப் பத்தாண்டின் வீழ்ச்சி முழுவதையும் அந்தச் சட்டத்தின் மேல் போடுவது நியாயமில்லை, வங்கிகள் விழுந்ததும் பணம் முடங்கியதும் பெரிய காரணங்கள். ஆனால் நாடுகள் ஒன்றையொன்று பார்த்துக் கதவடைத்தது அந்தச் சட்டத்துக்குப் பிறகு வேகமெடுத்தது. மசோதா கொண்டுவந்த இருவருமே 1932இல் தோற்றார்கள், ஸ்மூட் தேர்தலில், ஹாலி தன் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே.

---

எடிசன் செல்வி
16 செப்டம்பர், காலை 5.50

கயல், என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு உள்ளாடை, சாக்ஸ், ஷூ வாங்கிவிட்டு வந்து பில்லை என்னிடம் காட்டினாள். எனக்கும் அவளுக்கும் ஒரே விலைதான், ஆனால் அவள் சம்பளத்தில் அந்தத் தொகை எவ்வளவு பெரிய துண்டு! வருமானத்தைப் பார்த்துப் போடும் வரியாக இருந்தால் அவளிடம் குறைவாக எடுப்பார்கள். இந்த வரிக்கு அவள் யாரென்றே தெரியாது. அவள் எடுத்துவந்த உள்ளாடைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், இந்தியாவில் செய்தது என்று போட்டிருந்தது. நொய்யல்கரை, உங்கள் ஊர்ப் பக்கமாகக்கூட இருக்கலாம்.

---

நொய்யல்கரை
20 செப்டம்பர், இரவு 10.10

தாமதத்துக்கு மன்னிக்கணும். இந்த வாரம் பையரோடு இழுபறி.

அண்ணாச்சி கணக்கை எடுத்துக்கொண்டு போய் எம்.டி.யிடம் காட்டினேன். பையர் முதலில் 25% தள்ளுபடி கேட்டார். கடைசியில் டிசம்பர் வரைக்குமான ஷிப்மென்ட்டுக்கு 10% என்று முடிந்தது. மிச்ச வரியை அவர்கள் தாங்குகிறார்களாம், பிறகு கொஞ்சம் கடை விலையில் ஏற்றுவார்களாம். செல்வி அக்கா சொன்ன அந்தப் பெண் கொடுக்கப்போவது அதுதான்.

எங்கள் பக்கம் அந்த 10% எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நின்றுகொண்டிருந்த ஐந்தாறு சதவீதம் போயிற்று. நிட்டிங், சாயம், காஜா பட்டன் ஜாப் ஒர்க்காரர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்தோம். வெளியே கொடுத்துத் தைக்கிற பீஸ் ரேட்டில் சில காசுகள் குறைந்தன. வெளியே தைத்துக் கொடுப்பவரிடம் புது பீஸ் ரேட்டை நான்தான் ஃபோனில் சொன்னேன். அவர் "சரிங்க" என்றார், அவ்வளவுதான். ஒடிசாப் பையன்கள் பதினொரு பேர் தீபாவளிக்கு இப்போதே ஊருக்குப் போகிறார்கள். திரும்பி வரும் தேதியை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கரிசல்காட்டான் அண்ணா, நூல்காரர் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். அது உங்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 24 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது, அமலுக்கு வந்தால் அங்கே நம் துணிக்கு வரி இருக்காது. எம்.டி. அந்தப் பக்கம் பையர் தேடுகிறார். அதற்கு நாள் பிடிக்கும். அமெரிக்கப் பையருக்கு ஸ்பிரிங் சாம்பிள் புதன்கிழமை போகிறது. எட்டு ஸ்டைல் கேட்டிருந்தார்கள், இப்போது மூன்று போதுமாம்.

---

துறைமுகம்72
20 செப்டம்பர், இரவு 10.32

தம்பி, சாம்பிளை அப்படியே கூரியரில் போட்டுவிடாதே. 800 டாலர் சலுகை போய்விட்டது, அதற்கும் வரி கேட்பார்கள். ஒவ்வொரு பீஸிலும் அழியாத மையில் 'சாம்பிள்' என்று பெரிசாக எழுது, இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டு. விற்க முடியாதபடி ஆக்கிய மாதிரிக்கு அங்கே வரி அட்டவணையில் தனி அத்தியாயத்தில் வரி விலக்கு இருக்கிறது. இன்வாய்ஸிலும் அதைக் குறிப்பிடு.

---

நொய்யல்கரை
20 செப்டம்பர், இரவு 10.50

சரிங்க அண்ணாச்சி. நெஞ்சுப் பக்கம் பிரிண்ட் இருக்கிறது, முதுகில் எழுதச் சொல்கிறேன். எழுதுகிற வேலையை அந்த பவர்டேபிள் அக்காவிடமே கொடுத்துவிடுகிறேன். திங்கள்கிழமை அவருக்கு லைனில் துணி இல்லை, அரை நாள் கூலியாவது வரும்.